பதில் பூஜ்யம், பார்வை நாற்பத்தொன்று

மரம் போய்விட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை இழுத்துவைத்துச் சொல்ல அதில் ரகசியம் ஒன்றுமில்லை. பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவில் ரோட்டோரம் நின்ற ஒரு மாமரம். அதைக் காப்பாற்ற ஒரு சாண் நீளக் கம்பு போதும். ஒரே ஒரு கம்பை வெட்டிவந்து வேறொரு மாங்கன்றில் ஒட்டுக் கட்டியிருந்தால் அந்த ரகம் இன்றைக்கு உயிரோடு இருக்கும். வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் எழுதியும் போட்டார். பன்னிரண்டு நாள் அது என் கண்முன்னால் கிடந்தது. நான் திறக்கவில்லை. நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

கேரளத்தின் தென்கோடியில் உதியன்குளங்கரை முக்கில் எனக்கு ஒரு ஃபோட்டோஸ்டாட் கடை. ஆதார் நகல், வில்லேஜ் ஆபீஸ் மனு, பாஸ்போர்ட் போட்டோ. சபை நோட்டீசும் கோயில் உற்சவ நோட்டீசும் ஒரே மேஜையில் அடுத்தடுத்து அடிப்பேன். மலையாளத்தில் கேட்டால் மலையாளம், தமிழில் கேட்டால் தமிழ். ஆள் இல்லாத நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் மாங்காய் மன்றம் திறந்திருக்கும். வீட்டில் ஆசைக்கு மாமரம் வளர்க்கிறவர்களும் நாட்டு ரகம் தேடித் திரிகிறவர்களும் கூடுகிற இணைய மன்றம் அது. அங்கே யாவாரம் கிடையாது, ஆசைக்காரர்கள் மட்டும்தான் என்று பீற்றிக்கொள்வோம். என் வீட்டில் பன்னிரண்டு சென்டில் பத்தொன்பது மாமரம் நிற்கிறது, பாதிக்குமேல் பிளாஸ்டிக் டிரம்மில். "இந்த வீட்டுல ஒரு கைலி காயப்போட எடமில்ல, மாவுக்கு மட்டும் எடம் உண்டு" என்று என் வீட்டுக்காரர் தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். மாமரத்தை மாவு என்றுதான் நாங்கள் சொல்வோம்.

எட்டு வருஷமாக நான் தேடியது ஒரே ஒரு ரகம். எங்கள் பக்கம் அதற்குக் கள்ளப்பச்சை என்று பேர். பழுத்தாலும் தோல் பச்சை மாறாது. அமுக்கிப் பார்க்காமல் காயா பழமா என்று சொல்ல முடியாது. உள்ளே சந்தன நிறம், நார் என்பதே இல்லை. வாயில் வைத்ததும் ஒரு சின்னப் புளிப்பு, அது போனதும் பெருஞ்சீரகத்தின் வாசனை. ஒரு தடவை சபையில், அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து படைக்கிற அறுப்பின் பண்டிகை ஏலத்தில், அந்த மாங்காய் ஒரு பெட்டி எடுத்தேன். யார் கொண்டுவந்து வைத்தது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. "ஆரோ வச்சிட்டுப் போனாவ. நீங்க தின்னுங்க, விசாரண எதுக்கு?" என்று கமிட்டிக்காரர் சிரித்தார். அன்றிலிருந்து பாலராமபுரம் முதல் களியக்காவிளை வரை எந்த மதிலுக்கு மேலே மாங்கிளை தெரிந்தாலும் ஸ்கூட்டரை நிறுத்திவிடுவேன். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அந்த ரகம் மட்டும் கிடைக்கவில்லை.

இனி மன்றத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஒரு நாளைக்கு அறுபது தலைப்பாவது வரும். அத்தனையையும் யார் படிப்பார்கள்? திறக்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்ய ஒரு தலைப்புக்கு ஒரு நொடிகூட நாங்கள் செலவழிப்பதில்லை. தலைப்பின் பக்கத்தில் தொடங்கியவர் பேர் இருக்கும், வலதுகோடியில் இரண்டு எண் இருக்கும். எத்தனை பதில், எத்தனை பார்வை. அந்த இரண்டு எண்ணைத்தான் முதலில் பார்ப்போம், விஷயம் என்ன என்பது அதற்கு அப்புறம்தான். பதில் நூறு தாண்டியிருந்தால் உள்ளே சண்டை நடக்கிறது என்று அர்த்தம், உடனே திறப்போம். ஆரியங்கோட்டில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு உறுப்பினர் என் கடைக்கு வரும்போதெல்லாம் இதைப் பெருமையாகவே சொல்வார்: "சண்ட இல்லாத்தது நமக்கு வேண்டாம் சேச்சி. ஒறக்கம் வரும்." பார்வை நிறைய இருந்து பதில் ஒன்றுமே இல்லையென்றால் அது குப்பை. இத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் வந்திருக்கிறார்கள், அப்புறம் நமக்கு என்ன வேலை?

அது போக, ஆளைப் பார்த்தும் தரம் பிரிப்போம். அதிகம் எழுதுகிறவர்களுக்கு மன்றம் ஒரு பட்டம் கொடுக்கும். புதிதாகச் சேர்ந்தவர் கொட்டை, பிறகு பூ, பிஞ்சு, காய், எல்லாவற்றுக்கும் மேலே பழம். பேருக்குப் பக்கத்தில் சின்னப் படமாக வரும். நான் பழம். அந்த மஞ்சள் பொட்டுப் படம் வந்த அன்று கடையில் வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன், அவ்வளவு அற்பம் நான். கொட்டைகள் எழுதுவதைப் பழங்கள் படிப்பது கௌரவக் குறைச்சல். போட்டோ இல்லாத தலைப்பைத் தொடமாட்டோம். "வேணுமா" என்று தலைப்பில் வந்தாலோ, நர்சரிக்காரன் கன்று விற்க வந்திருக்கிறான் என்று ஒதுங்கிவிடுவோம். யாரும் எங்களுக்கு இந்தச் சட்டத்தை எழுதித் தரவில்லை. நாங்களாகவே படித்துக்கொண்டோம், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர்.

அந்த மே மாதம் மன்றத்தில் பெரிய சண்டை. தலைப்பு: "அசல் கள்ளப்பச்சை எது?" நுனியில் மூக்கு உண்டு என்று ஒரு கட்சி, மூக்கே கிடையாது என்று ஒரு கட்சி. இருபது வருஷமாக ஊர்ப்பக்கமே வராத ஒரு துபாய்க்காரர் மூக்குக் கட்சிக்குத் தலைவர். நான் எதிர்க்கட்சி. இருநூற்று அறுபத்துமூன்று பதிலில் முப்பத்தொன்று என்னுடையது. இரண்டு கட்சியிலும் மரம் ஒருத்தரிடமும் கிடையாது என்பது யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை.

சண்டை சூடுபிடித்திருந்த ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு அண்ணாச்சி கடைக்கு வந்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், எழுபதுக்கு மேல் வயது. ரோடு அகலப்படுத்த நிலம் எடுக்கிறார்கள், அந்தக் காகிதங்களை நகல் எடுக்க அவரும் வந்திருந்தார். அந்த மாதம் முழுக்க இதே காகிதங்கள்தான், ஆள்தான் வேறு. நான் துபாய்க்காரருக்குச் சுடச்சுட எழுதிக்கொண்டிருந்தேன். காகிதங்களை மிஷினில் போட்டுவிட்டுத் திரும்பவும் கீபோர்டில் குனிந்தேன். அவர் கவுண்டருக்கு மேலாக எட்டி என் கம்ப்யூட்டரைப் பார்த்தார். வயதில் சிறியவர் ஒருத்தரே ஆனாலும் 'மக்களே' என்றுதான் எங்கள் பக்கம் பெரியவர்கள் கூப்பிடுவார்கள்.

"இதெல்லாம் மாங்கா வளக்குற ஆளுகளா, மக்களே?"

"ஆமா."

"எங்க வீட்டு முன்னால ஒரு மாவு நிக்குது. ரோட்டுக்க எடத்துல பெட்டுப்போச்சு, வெட்டப் போறாவ. அதுக்க கம்பு ஆருக்காவது ஆகுமான்னு…"

"அண்ணாச்சி, இங்க எல்லாருக்க வீட்டு முன்னாலயும் ஒரு மாவு உண்டு" என்றேன். கண்ணை ஸ்கிரீனிலிருந்து எடுக்கவில்லை.

"உண்டு உண்டு. இது ஒரு மாதிரி மாங்காயாக்கும். அதான்…"

"இதுல எழுதிப் போடுங்க. வேணும்னவிய வருவாவ. போனக் கொண்டாங்க."

அவரை அனுப்பிவிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு. போனை வாங்கி இரண்டு நிமிஷத்தில் மன்றத்தில் சேர்த்துவிட்டேன். பேர் கேட்ட இடத்தை நான் நிரப்பாமல் தாண்டிவிட்டதால் மன்றமே ஒரு நீளமான எண்ணைப் பேராகப் போட்டது. "இன்னா, இந்த எடத்துல அமுக்கி எழுதணும். இது தலைப்பு, இது விஷயம். ஆளுக பதில் எழுதுனா கீழ வரும்" என்றேன். அவர் போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். "வலிய உபகாரம் மக்களே" என்று சொல்லிக் காகிதங்களைக் கவரில் போட்டுக்கொண்டு போனார். அவர் படி இறங்குவதற்குள் நான் துபாய்க்காரருக்கு நாலு வரி அடித்து முடித்திருந்தேன்.

ஒரு மனிதர் மரத்தைப் பற்றிச் சொல்ல என் முகத்துக்கு நேரே வந்து நின்றிருக்கிறார். மரம் தேடுகிறவள் நான். அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்காமல், மன்றத்தில் எழுதும் என்று அனுப்பினேன். எழுதினார். அதையும் படிக்கவில்லை. சீ, இது என்ன பிறவி!

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய்விட்டு வந்து மன்றத்தைத் திறந்தபோது அந்தத் தலைப்பு கிடந்தது. "ஆருக்காவது வேணுமா." போட்டோ இல்லை. எழுதியது ஒரு கொட்டை. பேருக்குப் பதில் எண். கடையில் வந்த அண்ணாச்சி என் ஞாபகத்தின் ஓரத்தில்கூட வரவில்லை, என் விரல் தானாகவே அதைத் தாண்டிக் கீழே போனது. செவ்வாய்க்கிழமை பார்த்தேன், பதில் பூஜ்யம், பார்வை ஒன்பது. வியாழக்கிழமை பதில் பூஜ்யம், பார்வை பதினைந்து. அடுத்த திங்கட்கிழமை பார்வை இருபத்தேழு, பதில் அப்போதும் பூஜ்யம். இருபத்தேழு பேர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறார்கள் என்றால் அதன் லட்சணம் தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஆரியங்கோட்டுக்காரர் எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார். "அந்த 'வேணுமா' என்னது சேச்சி? திறந்து நோக்கினதா?"

நான் பழம் அல்லவா? பழத்துக்குத் தெரியாதது உண்டா? "நர்சரிக்காரனுக்க யாவாரம். சமயத்தக் களையாதீங்க" என்று எழுதினேன். அவரும் திறக்கவில்லை.

மரத்தை வெட்டியது அந்த வாரம் வெள்ளிக்கிழமை. அது எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் மூக்கு இல்லாத கட்சிக்கு ஆதாரமாக ஒரு படம் வரைந்து ஸ்கேன் செய்து போட்டேன், பதினெட்டுப் பேர் கைதட்டினார்கள்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் அண்ணாச்சி மறுபடியும் கடைக்கு வந்தார். இன்னும் இரண்டு காகிதம் நகல் எடுக்க வேண்டியிருந்தது. கையில் ஒரு துணிப்பை. நகலை வாங்கிக்கொண்டு, பையிலிருந்து இரண்டு மாங்காயை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். "அன்னைக்கு உபகாரம் செய்தியல்லா. வச்சிக்கிடு மக்களே. காயில்ல, பழமாக்கும். பாத்தாத் தெரியாது."

பாத்தாத் தெரியாது என்றதும் என் கை நின்றுவிட்டது. ஒன்றை எடுத்து அமுக்கினேன். குழைந்தது. பச்சைப்பசேல் என்று இருந்தது, குழைந்தது. காகிதம் வெட்டுகிற கத்தியைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு ஒரு கீற்று அரிந்தேன். சந்தன நிறம். வாயில் வைத்தேன், புளிப்பு வந்தது, போனது, பெருஞ்சீரகம் வந்தது. மூக்கு உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. துபாய்க்காரர் சொன்னதுதான் சரி.

"அண்ணாச்சி, இந்த மாவு எங்க நிக்குது?"

"நிக்கவா? வெட்டியாச்சுல்லா, வெள்ளிக்கிழம. விழுந்த மாங்காயாக்கும் இது. வைக்கோல்ல வச்சிப் பழுக்க வச்சேன்."

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு அவரை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றினேன். பாதி வழியில்தான் மின்விசிறியும் நிறுத்தவில்லை என்று ஞாபகம் வந்தது. கர்த்தாவே, ஒரு கம்பு, ஒரே ஒரு பச்சைக் கம்பு என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர், "பைய போ மக்களே, அது எங்கயும் போவாது" என்றார்.

அங்கே அடிமரம் இல்லை. லாரி வந்து எடுத்துப் போயிருந்தது. அடிக்கட்டையாவது இருந்தால் துளிர்க்கும் என்று நினைத்தேன், அதையும் ஜேசிபி வேரோடு பிடுங்கிக் குழியில் செம்மண் நிரப்பி உருட்டியிருந்தார்கள். மதில் இடித்த செங்கல்லுக்குப் பக்கத்தில் சுள்ளிகள் மட்டும் ஒரு குவியல். மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சுள்ளியாக எடுத்து நகத்தால் தோலைக் கீறிப் பார்த்தேன். உயிர் இருந்தால் உள்ளே பச்சையாக இருக்கும், அதை வைத்து ஒட்டுக் கட்டலாம். தவிட்டு நிறம். அடுத்தது தவிட்டு நிறம். மே மாத வெயிலில் ஐந்து நாள் கிடந்த கம்பு வேறு எப்படி இருக்கும்? ஒரு மணிநேரம் கீறினேன். நகத்தில் ரத்தம் வந்தது. ரோட்டில் போனவர்கள் விறகு பொறுக்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அண்ணாச்சி வீட்டுக்குள் போய் ஒரு செம்புத் தண்ணீரும் பிளாஸ்டிக் நாற்காலியும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"கொட்டையக் குழிச்சிட்டா முளைக்காதா?" என்று கேட்டார்.

முளைக்கும். தாயைப்போலவே வருமா, வேறு எதாவதாக வருமா என்பது அது காய்க்கும்போதுதான் தெரியும். எனக்கு இப்போது ஐம்பத்தேழு. அந்த இரண்டு கொட்டையையும் நட்டிருக்கிறேன், அதை வைத்து எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. வேண்டியது கம்பு. கம்பு போய்விட்டது.

"ஒரு வார்த்த எங்கிட்ட செல்லியிருக்கப்பிடாதா அண்ணாச்சி?" என்றேன். வெட்கம் கெட்டவள், கேட்டேவிட்டேன்.

"எழுதினேனே மக்களே, நீ செல்லித் தந்தது போல." போனை எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலால் தேடி என்னிடம் நீட்டினார்.

"ஆருக்காவது வேணுமா." அதே தலைப்பு. எனக்கு அந்தச் செங்கல் குவியலில் தலையை முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. கீழே அவர் எழுதியிருந்தார். எங்க வீட்டு முன்னால ஒரு மாவு நிக்குது. மாங்கா பழுத்தாலும் பச்சையாக்கும். நார் கிடையாது. பெருஞ்சீரக மணம் உண்டு. இருபத்தொன்றாம் தேதிக்கு மேல வெட்டிருவாவ. எனக்கு மிச்சம் கிடக்குற மண்ணுல வேற மரம் வைக்க எடமில்ல. வேணும்னவிய வந்து கம்பு எடுத்துக்கிடுங்க. பைசா ஒண்ணும் வேண்டாம். எங்கயாவது ஒண்ணு நிக்கட்டும். பஸ் ஸ்டாப்பில் இறங்கி எந்தப் பக்கம் நடக்கவேண்டும், எந்த நிற கேட், எல்லாம் எழுதி, கடைசியில், வாறவிய சாயா குடிச்சிட்டுப் போகலாம் என்று முடித்திருந்தார்.

எட்டு வருஷமாக மன்றத்தில் நாங்கள் எழுதியவை அத்தனையையும் கொட்டிக் கொளுத்தினாலும் இந்தப் பத்து வரிக்கு ஈடாகாது. பிற்பாடு நான் நடந்ததை எழுதிப் போட்டபோது ஒரே நாளில் இருநூறு பதில் வந்தது. அழுகிற பொம்மைப் படங்கள், இரண்டு கவிதை, ரோட்டுக்காரர்களுக்கு வசவு. அன்றைக்குத் திறக்காதவர்கள்தான் அத்தனை பேரும். இப்போது பதில் இருநூறு இருக்கிறதே, அதனால் திறந்தார்கள். நான் போட்ட அந்தத் தலைப்பையே அழித்துவிட்டு மன்றத்தை விட்டு வெளியே வந்தேன்.

ஆனால் அது பிற்பாடு. அன்றைக்கு அந்தச் சுள்ளிக்குவியலின் பக்கத்தில் அண்ணாச்சி என் தோள்வழியே குனிந்து, போனின் ஓரத்தில் இருந்த எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இன்னா பாத்தியா, நாப்பத்தியொரு பேரு வந்து பாத்திருக்காவ. எல்லாம் மாங்காய அறிஞ்ச ஆளுகளாக்கும், நீ செல்லியிருக்கியே. நாப்பத்தியொரு பேருக்கும் வேண்டாம்னா, பெரிய விசேஷமான மாவு ஒண்ணும் இல்லண்ணு நானும் விட்டுட்டேன். இல்லண்ணா வேற ஆரிட்டயாவது கேட்டிருப்பேன்."

எனக்கு ஏதோ உறுத்தியது. "அண்ணாச்சி, நீங்க இத எத்தன தடவ திறந்து பாத்திருப்பிய?"

"தினமும் பாப்பேனே. ஆராவது பதில் போட்டிருக்காவளாண்ணு காலம்பற ஒருக்க, உச்சைக்கு ஒருக்க, சந்திக்கு ஒருக்க. வெட்டின பொறவும் நாலஞ்சு தடவ பாத்தேன், சும்ம."

பன்னிரண்டு நாள், நாளைக்கு மூன்று. முப்பத்தாறு. அதற்குப் பிறகு நாலைந்து. ஒரே ஆள் நாற்பது தடவை திறந்தாலும் மன்றம் அதை நாற்பது பார்வை என்றுதான் காட்டும், அது எனக்கு எப்போதோ தெரியும். என் போனை எடுத்தேன். கீழே தள்ளித் தள்ளிப் போய் அந்தத் தலைப்பைத் தேடி முதல்தடவையாகத் திறந்தேன்.

நாற்பத்திரண்டு என்று மாறியது.

அவர் எட்டிப் பார்த்தார். "இன்னா பாரு மக்களே" என்றார், "இன்னும் ஒரு ஆளு கூடி வந்தாச்சு."